ஒரு பாரைத் தலைக்கு ஒன்பது கட்டைவிரல்

மீனை விற்று முடித்து நாலு மணிக்குள் ஊர் திரும்ப வேண்டும். அந்த வியாழக்கிழமை மாதாவிடம் கேட்க வேளாங்கண்ணிக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

கடியப்பட்டணத்தில் கோயில் திருவிழா. அன்று மாலை கடற்கரையில் பெண்களுக்கு வடம் இழுக்கும் போட்டி. நாலைந்து தெருவுக்கு ஒன்றாகக் கோயில் பங்கு மக்களைப் பிரித்து வைத்திருக்கும் அன்பியங்கள்தான் அணிகள். வேளாங்கண்ணியின் சகாயமாதா அன்பியம் வருடா வருடம் அந்தோனியார் அன்பியத்திடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. இந்த முறை அதை மாற்றியே தீருவது என்று அணித் தலைவி அன்னக்கிளி வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். வடத்தின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள்தான் அணிக்கு நங்கூரம். அந்த இடத்துக்கு வேளாங்கண்ணியை விட்டால் ஆள் கிடையாது. சுமை தூக்கித் தூக்கித் தேக்காய் இறுகிய உடம்பு. காலை ஊன்றிவிட்டால் ஜேசிபி வந்துதான் பெயர்க்க வேண்டும்.

போன வருடமும் அவளைத்தான் நங்கூரமாகப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் மீன் விற்றுவிட்டு அவள் ஓடி வந்து சேர்ந்தபோது, தோற்றுப்போனவர்கள் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தத் தடவயும் பிந்தினியோ, கடைசியில பிலோமியை நிறுத்திருவேன். பொறவு வந்து மூக்கைச் சிந்தப்பிடாது, கேட்டியா?” என்று அன்னக்கிளி கறாராகச் சொல்லியிருந்தாள்.

பிலோமி நல்ல பெண்தான். ஆனால் கொடியில் சேலை காயப்போட்டால், சேலைக்கு ஒரு கிளிப், அவளுக்கு ஒரு கிளிப் என்று மாட்டி வைக்க வேண்டும். அவ்வளவு ஒல்லி.

இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்தவள் மகள் லிஜா. நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போகிறவள்.

“நீ ஒவ்வொரு வாசல்லயும் நின்னு வாயடிக்கிய பாத்தியா, அங்கதான் நேரம் போவுது” என்றாள். அம்மாவின் பழைய பட்டன் போனைப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டுவிட்டு, ஒரு டச் போனைக் கையில் கொடுத்தாள். வெள்ளிச்சந்தைக்கு அந்தப் பக்கம் ஆலடிவிளையில்தான் வேளாங்கண்ணி மீன் விற்கிறாள். அந்த ஊர் வாடிக்கைக்காரர்களை எல்லாம் சேர்த்து ‘வேளாங்கண்ணி மீன்’ என்று ஒரு வாட்ஸப் குரூப்பும் தொடங்கினாள்.

“காலையில மீனைப் படம் எடுத்துப் போடு. வேண்டியதை அவங்களே சொல்லுவாவ. நீ ஆட்டோல இருந்தே கவர் போட்டுக் கட்டி, கேட்டுல நீட்டிட்டு வந்துகிட்டே இரு. பேச்சு கீச்சு ஒண்ணும் வேண்டாம். ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுல கால் நீட்டி இருக்கலாம்.”

“ஒனக்க அம்மை பேசாம மீன் விக்கப் போறாளா? நான் வலை இல்லாம மீன் பிடிச்சிட்டு வாறேன்” என்றான் மரியான், வேளாங்கண்ணியின் புருஷன்.

“நீரு சும்ம கெடயும்” என்று சொல்லிவிட்டு வேளாங்கண்ணி மகளிடம் திரும்பினாள். “எனக்கு அதுல எழுத வராதே, மக்கா.”

“எழுத வேண்டாம். யாராவது எதாவது கேட்டா இந்தக் கட்டைவிரலை அமுக்கு. சரின்னு அர்த்தம். வேண்டாத ஆளுக்கு இந்த மைக்கை அமுக்கிப் பிடிச்சு இல்லன்னு வாயால சொல்லி அனுப்பு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று லிஜா சொன்னதில் ஒரு சிக்கல் இருந்தது. மீன்காரிகளுக்கு அன்றைய முதல் விற்பனை கைநீட்டம். கைநீட்டம் ஆகும்வரை வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வரக் கூடாது. வந்தால் கூடை காலியாகாது. வெயிலில் மீனோடு மீனாகக் காய வேண்டியதுதான். வேளாங்கண்ணியின் அம்மாவும் அப்படித்தான் விற்றாள். கடற்கரையில் விற்கிற ஒருத்திகூட இதை மீறியது கிடையாது. இதனால் இதுவரை யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. கைநீட்டத்துக்கு முன்னால் ஒருத்தியைத்தானே பார்க்கிறோம், முதல் வீட்டுக்காரியை. அவள் என்ன கேட்டாலும் சரி என்று கொடுத்துவிட்டால் முடிந்தது. அடுத்த வீட்டிலிருந்து இல்லையை இஷ்டம்போல் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று காலை ஏலத்தில் சாளை, அயிலை, நெத்தோலியோடு ஒரு பெரிய பாரையும் அவளுக்கு அமைந்தது. தோளில் போட்டால் வால் இடுப்பைத் தொடும். தலை மட்டுமே ஒரு சட்டி நிறையும். அதைக் கூடையின் மேலே படுக்கவைத்துப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். படம் நன்றாக விழுந்திருந்தது. பாரை சிரிப்பதுபோல் இருந்தது.

ஷேர் ஆட்டோ மணவாளக்குறிச்சி தாண்டுவதற்குள் போன் துள்ள ஆரம்பித்தது.

முதலில், ஆலடிவிளையில் முதல் வீட்டுத் தாணம்மாளின் குரல். “ஏட்டி வேளாங்கண்ணி, அந்தப் பாரைத் தலையை எனக்கு வச்சிரு.”

கட்டைவிரல்.

அடுத்தது அவள் எதிர்வீட்டு அஸ்வதி. ‘அக்கா, பாரைத் தலை எனக்கு.’

வேளாங்கண்ணி வாயைத் திறக்கப் போனாள். அப்போதுதான் நினைவு வந்தது: இன்னும் கைநீட்டம் ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு கட்டைவிரலை அமுக்கினாள். நேரில் பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆளும் தலை கேட்டார். நாலாவது ஆளும். ஒருத்தி கேட்பதைப் பார்த்து அடுத்தவளுக்கு ஆசை. அவளைப் பார்த்து அதற்கடுத்தவளுக்கு. முன்பு யார் வீட்டில் என்ன மீன் என்று குழம்பு கொதித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். இப்போது ஊரே ஒரு கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டோ ஆலடிவிளை போய் நின்றபோது ஒரு பாரைத் தலைக்கு ஒன்பது கட்டைவிரல் ஆகியிருந்தது.

தாணம்மாள் சட்டியோடு கேட்டில் நின்றாள். வயலும் வாழையும் உள்ள வீடு. செவ்வாய், வெள்ளி போக மற்ற நாளில் மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

“தலையை எடு” என்றாள்.

“எந்தத் தலைய, பெரியம்மே? அது எனக்குல்லா?” என்று ரோட்டைக் குறுக்கே கடந்து வந்தாள் அஸ்வதி. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள், அன்று லீவு. போனை உயர்த்திக் காட்டினாள். “பாருங்கோ, எனக்க மெசேஜுக்குக் கீழ கட்டைவிரல் நிக்கி.”

“எனக்கும்தான் நிக்கி. ஒனக்க போனுல உள்ளதைவிட என் போனுல வெரலு பெருசு.”

“அது ஒங்க போனு பெருசு, பெரியம்மே.”

பின்னாலிருந்து ஒரு செருமல். வள்ளிநாயகம் அண்ணாச்சி, ரிட்டயர்டு ஓவர்சியர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்து சேர்ந்தார்.

“ரெண்டு பேரும் சத்தம் போடாதுங்கோ. எனக்கும் சம்மதம் கிடைச்சிருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு. கோர்ட்டுல கொண்டு காட்டினாலும் நிக்கும்.”

“மீன் தலைக்குக் கோர்ட்டுப் படி ஏறப்போற மொத ஆளு நீங்கதான், அண்ணாச்சி” என்றாள் தாணம்மாள்.

வேளாங்கண்ணி கூடையைத் திறந்து சாளையை அள்ளிக் காட்டினாள். வெள்ளி மாதிரி மின்னியது. “அக்கா, தலை இருக்கட்டும். மொதல்ல கொஞ்சம் சாளை எடுங்க, கைநீட்டமா இருக்கட்டும்.”

“தலை தந்தா சாளையும் எடுக்கேன்.”

“நீ என்ன மக்கா எடுக்கிய?”

“தலைய யாருக்குக் கொடுக்கப் போறீங்கன்னு சொல்லுங்கக்கா. பொறவு எடுக்கேன்.”

வேளாங்கண்ணிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தாணம்மாள் சட்டியில் தலையைப் போட்டாலே பக்கத்தில் நிற்கிற மற்றவர்களுக்கு இல்லை என்று சொன்னதாகிவிடும். எட்டுப் பேருக்கு இல்லை என்று சொன்னால்தான் யாராவது வேறு மீன் வாங்குவார்கள். யாராவது மீன் வாங்கினால்தான் அவளால் இல்லை என்று சொல்ல முடியும். வலைக்குள் மீன் மாட்டிப் பார்த்திருக்கிறாள். மீன்காரி மாட்டுவதை இன்றுதான் பார்க்கிறாள்.

அடுத்த வீட்டுக்குப் போனாள். “தலை?” அதற்கடுத்த வீடு. “தலை எங்க?” கேட்டில் நீட்டிவிட்டு நடக்க வேண்டியவள் ஒவ்வொரு கேட்டிலும் அசடு வழிந்து நின்றாள். இதற்கிடையில் கோட்டாற்றில் கடையில் வேலை பார்க்கும் லட்சுமிப்ரியா வீடியோ காலில் வந்தாள்.

“அக்கா, செவுளைக் காட்டுங்க. சிவப்பா இருக்கான்னு பாக்கணும்.”

செவுளை விரித்துக் காட்டினாள். அதையே காட்டச் சொல்லி இன்னொருத்தி. வேளாங்கண்ணியின் கையெல்லாம் செதிள், போனெல்லாம் மீன் தண்ணீர். ஈர விரலை அந்தப் போன் மதிக்கவே இல்லை. சேலையில் துடைத்தாள்; சேலையும் ஈரம். கடைசியில் குனிந்து மூக்கால் அமுக்கினாள். மூக்குக்குப் போன் கேட்டது. அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் மூக்குத்தான்.

“என்னக்கா, போனை முத்துறீங்க?” என்று அஸ்வதி சிரித்தாள்.

“சவத்தை முத்தாம என்ன செய்ய, மக்கா? வெரலு பட்டா அதுக்கு அருவருப்பு.”

பகல் சாயத் தொடங்கியது. கூடையில் காலையில் இருந்த மீன் அப்படியே இருந்தது. பனிக்கட்டிதான் கரைந்துகொண்டிருந்தது. அப்போது அன்னக்கிளியின் அழைப்பு.

“எங்க நிக்கிய? எல்லாவளும் வந்தாச்சு. பிலோமிக்கு ஒனக்க டீசர்ட்டு போட்டுப் பாக்கட்டா?”

“போடாத! அதுல நாலு பிலோமி கொள்ளும். நான் வாறேன்” என்று கத்திவிட்டு வேளாங்கண்ணி மூக்கால் அழைப்பை வெட்டினாள்.

கத்தியதும் தெரு திரும்பிப் பார்த்தது. அவளும் தன் குரலை அன்றைக்குத்தான் கேட்டதுபோல் நின்றாள். காலையிலிருந்து போனுக்குள் கிசுகிசுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடற்கரையில் அலை இரைச்சலுக்கு மேலே ஏலம் கேட்கிற தொண்டை அது.

“மக்கா அஸ்வதி, அந்த மைக்கை அமுக்கிப் பிடி” என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, போனை நோக்கி அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

“ஆலடிவிளைக்காரியளே! அண்ணாச்சிமாரே! பால் சொசைட்டி முன்னால பாரைத் தலை ஏலம்! எல்லாரும் சட்டியோட வாங்கோ! வந்தவளுக்கு மீனு, வராதவளுக்குக் கருவாடு!”

ஊரின் ஒவ்வொரு அடுக்களையிலும் அந்தக் குரல் ஒரே சமயத்தில் கேட்டது. நடந்து போய்க் கூப்பிட்டிருந்தால் கீழத்தெருவுக்குள் நுழையும்போதே மேலத்தெரு மறந்திருக்கும். இப்போது அவள் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டிகள் வந்து நின்றன. கீழத்தெருவிலிருந்து சட்டி, குளக்கரையிலிருந்து குண்டான், பாதி தலை வாரியவள், கையில் தோசைக் கரண்டியோடு ஒருத்தி. ஒரே குரூப்பில் இருந்தாலும் இப்படி ஒன்றாகச் சேர்ந்து நின்றிராத ஆட்கள்.

வேளாங்கண்ணி பாரையின் தலையை வெட்டித் தனியாக எடுத்து உயர்த்திக் காட்டினாள். “ஓ” என்று ஒரு சத்தம்.

“இது துட்டு ஏலம் கெடயாது. மீன் ஏலம். தலையோட சேத்து எவ்வளவு மீன் எடுப்பியோ அதைச் சொல்லு. சொன்னதைத் தலை கெடைச்சாலும் எடுக்கணும், கெடைக்காட்டாலும் எடுக்கணும். பொறவு மொகத்தைத் தூக்கப்பிடாது. சம்மதம்னா சட்டியைத் தட்டுங்கோ!”

சட்டிகள் அதிர்ந்தன.

“ஒரு கிலோ சாளை!” தாணம்மாள்.

எடை போட்டு அவள் சட்டியில் கொட்டியாயிற்று. கைநீட்டம்! வேளாங்கண்ணி கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இனி தாராளமாக இல்லை என்று சொல்லலாம். ஆனால் இப்போது அதைச் சொல்ல ஒரு தேவையும் வரவில்லை.

“ஒரு கிலோ அயிலை!” அஸ்வதி.

“ரெண்டு கிலோ!”

“பாரையில நடுத்துண்டு மொத்தமும்!”

“ஏட்டி, ஒனக்க வீட்டுல ரெண்டே பேருதானே?”

“இன்னைக்கு நாலு பேரு பசி!”

லட்சுமிப்ரியா கோட்டாற்றிலிருந்து வீடியோ காலில் கேட்டாள். போனை யாரோ ஒரு மரக்கிளையில் செருகி வைத்தார்கள். மரம் ஏலம் கேட்பதுபோல் இருந்தது. அவளுக்கு உள்ள நெத்தோலியை அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு வாங்கினாள்.

கூடை தரை தட்டத் தட்ட வேகம் ஏறியது. கடைசியில் வள்ளிநாயகம் அண்ணாச்சி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். கூடையை எட்டிப் பார்த்தார்.

“மிச்சம் கெடக்கியது எல்லாம் எனக்கு!”

சட்டிகள் மறுபடி அதிர்ந்தன. பிறகு விசில், கைதட்டல். மாலையைப் போல ஏந்தித் தலையை அவரிடம் கொடுத்தாள் வேளாங்கண்ணி. அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்ததும் அது வாடியது.

“கேட்டது நீரு. கழுவப் போறதும் நீருதான்!”

“கோர்ட்டுக்குப் போங்க அண்ணாச்சி” என்றாள் தாணம்மாள்.

கூடை கழுவி முடிந்தபோது மணி மூன்றரை. பஸ்ஸை நம்பினால் போட்டி முடிந்துவிடும். வேளாங்கண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்த அஸ்வதி, “எங்க போணும்?” என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏறுங்கக்கா. வடம் இழுக்கியதை நான் நேர்ல பாத்ததே இல்ல.”

கூடையும் வேளாங்கண்ணியுமாக ஏறியதும் ஸ்கூட்டியின் பின்பக்கம் ஒரு முனகல் முனகியது. ஜங்ஷனில் அஸ்வதி போனைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினாள். “மெயின் ரோடு செவப்பு காட்டுது. குழாய் போடத் தோண்டியிருக்காவ போல. இடப்பக்கமா ஒரு வழி சொல்லுது.”

“காலையில இருந்து போனுகூடத்தான் நான் மல்லுக்கட்டுதேன். எங்கயாவது கொளத்துல எறக்கிப் போடும். நீ நேரா போ, மக்கா.”

“ஒரு தடவை நம்பிப் பாப்போம்க்கா.”

அஸ்வதி இடப்பக்கம் திரும்பிவிட்டாள். தென்னந்தோப்பு ஒன்று. அதைத் தாண்டி யாரோ ஒருவரின் முற்றம் போலவே இருந்த ஒரு பாதை, கோழிகள் சிதறின. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி “எங்கட்டீ போறிய?” என்று கேட்டாள். “போனுகிட்ட கேளு!” என்று வேளாங்கண்ணி பதில் கத்தினாள். வருடக்கணக்காக அவள் வந்து போகிற திக்கு. இப்படி ஒரு சந்து இருப்பது அவளுக்குத் தெரியாது. மாதாவே என்று கண்ணை மூடினாள். திறந்தபோது எதிரே கடல்.

மைக்கில் அணிகளை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பிலோமி இடுப்பில் வடத்தைச் சுற்றிக்கொண்டு, தூக்குக்குப் போகிறவள் முகத்தோடு நின்றிருந்தாள். ஸ்கூட்டியைப் பார்த்ததும் வடத்தை உதறினாள்.

“எனக்க ராசாத்தி, வந்துட்டியா! இந்தா, ஒனக்க கயிறு, ஒனக்க டீசர்ட்டு, எனக்க உயிரு!”

அன்னக்கிளி மூக்கைப் பிடித்தாள். “குளிக்கவாவது செய்யப்பிடாதா?”

“இந்த மணத்துக்கே அவளுவ பின்னால போவாளுவ. கயிறைப் பிடி.”

டீசர்ட்டைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வடத்தை இடுப்பில் சுற்றினாள். குதிகாலால் மணலைத் தோண்டி ஊன்றினாள். விசில்.

வடம் விறைத்தது. முதல் இழுப்பில் அந்தோனியார் அன்பியம் அவர்களை ஒரு முழம் கொண்டுபோனது. வேளாங்கண்ணி பல்லைக் கடித்துப் பின்னால் சாய்ந்தாள். ஏதோ குறைந்தது. என்ன அது? சத்தம். ஊரே சுற்றி நிற்கிறது; ஒரு கை தட்டவில்லை. எல்லாருடைய கையிலும் போன். மரியான், லிஜா, எல்லாரும் கையை நீட்டி, வாயை மூடி, ஆடாமல் அசையாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏ, பொணத்துக்கா வந்திருக்கிய?” என்று அவள் கத்தினாள். ஏலக் குரல். அலைக்கு மேலே கேட்டது. “போனை மடியில போடுங்க! கையைத் தட்டுங்கடே!”

மரியான் திடுக்கிட்டுப் போனை மடியில் செருகினான். “இழு, வேளாங்கண்ணி!” என்று முதல் குரல் அவனுடையதுதான். பிறகு லிஜா. பிறகு அஸ்வதி, அந்த ஊரில் ஒருவரையும் தெரியாமலே தொண்டை கிழியக் கத்தினாள். எல்லாப் போன்களும் இறங்க, எல்லாக் கைகளும் உயர்ந்தன. ‘ஏலேலோ’ என்று ஆண்கள் பாட்டெடுத்தார்கள். அந்தச் சத்தம் மணல் வழியாக வேளாங்கண்ணியின் குதிகாலுக்குள் ஏறியது. ஒரு அடி. இன்னொரு அடி. மறுபக்கத்து முதல் பெண்ணின் கால் கோட்டைத் தாண்டியது. விசில் ஊதியதும் அணி மொத்தமும் மல்லாந்து வேளாங்கண்ணியின் மேல் விழுந்தது.

பரிசு ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலை. அதை அன்னக்கிளி தோளில் வாங்கும்போதுதான் லிஜா தலையில் கைவைத்தாள்.

“அம்மா, நாம ஜெயிச்சதை ஒருத்தரும் வீடியோ எடுக்கல்ல! இன்னொரு தடவை சும்ம இழுங்க, எடுத்துக்கிடுதேன்.”

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுபடி வடத்தைப் பிடித்தார்கள். மறுபடி போன்கள் உயர்ந்தன. சகாயமாதா அன்பியத்துப் பெண்கள் படத்துக்காக முகத்தைச் சேலை முனையால் துடைத்து, பல்லைக் காட்டி, பேருக்குச் சாய்ந்தார்கள். அந்தோனியார் அன்பியத்துப் பெண்களோ நிஜமாகவே இழுத்துவிட்டார்கள். சிரித்தபடியே எல்லாரும் கோட்டுக்கு அந்தப்புறம் போய்க் குப்புற விழுந்தார்கள்.

இருட்டுவதற்குள் அந்த வீடியோ கடற்கரை முழுவதும் போய்விட்டது. துபாயிலிருந்து அன்னக்கிளியின் தம்பி ஷாஜன் கூப்பிட்டு, “இந்த வருசமும் தோத்துட்டியளா?” என்று கேட்டான்.

“ஆமா, தோத்துட்டோம்லே” என்றாள் அன்னக்கிளி, வாயில் பழத்தை வைத்துக்கொண்டு.

வேளாங்கண்ணி மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மரியான் உரித்துக் கொடுக்க, இன்னொரு பழத்தை வாங்கினாள். லிஜாவின் போனில் அவள் வாயைப் பிளந்தபடி குப்புற விழுந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அஸ்வதியும் பிலோமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“மக்கா, அந்த விழுகிய இடத்தை இன்னொருக்கப் போடு” என்றாள் வேளாங்கண்ணி.